மனநிறைவடைந்த பயனாளி

காலையில் எழுந்தால் நிருபனுக்குச் செய்ய அதிகம் இல்லை. கிணற்றடியில் முகம் கழுவுவான். குசினியில் தண்ணீர் கொதிக்க வைத்துச் சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிப்பான். சீனி முடிந்து கனநாள். வாங்க வேண்டும் என்பது கடையைக் கடந்த பிறகுதான் நினைவுக்கு வரும். பிறகு கதிரையில் இருந்து போனை எடுத்து, அதிகாரசபையின் பக்கத்தைத் திறந்து, அந்தப் பதில் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பான். இருக்கும். அதற்கு நன்றி சொன்னவர்களின் தொகை நேற்றையதை விடக் கொஞ்சம் கூடியிருக்கும். போனை வைத்துவிட்டுச் சட்டையை அயன் பண்ணுவான். மோட்டார் சைக்கிளை வீதிக்குத் தள்ளி வந்து, சல்லிக் கிராமத்திலிருந்து சாம்பல்தீவு வழியாக நகரத்துக்கு ஓடி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் தான் வேலை செய்யும் கப்பல் முகவர் அலுவலகத்தில் போய் இருப்பான்.

அவனுக்கு வயது முப்பது. மனைவி யசோதரா இறந்து நாலு மாதம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், ஒருதரம் வாய்விட்டு அழுதால் எல்லாம் ஆறும் என்று சொல்லிப் போனார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. அந்தப் பதில் அங்கேயே இருப்பது மட்டும் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

பதில் இதுதான்:

“அன்பார்ந்த பயனாளிக்கு வணக்கம். கடல் உயிரினம் தீண்டிய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தி வைக்கவும். வலி இல்லையெனில் விஷம் ஏறவில்லை. ஓய்வெடுக்கவும். அஞ்ச வேண்டாம். தங்கள் நாள் இனிதாகட்டும்.”

கீழே ஒரு பச்சை முத்திரை. முத்திரைக்குள் இரண்டு சொற்கள்: பாதுகாப்பானது, சரியானது.

மாவட்ட இணையவழி நல்லாலோசனை அதிகாரசபை தோன்றியதற்கு நல்ல காரணம் இருந்தது. வெங்காயச் சாற்றைக் கண்ணில் விட்டால் சீனி வருத்தம் குணமாகும் என்று கந்தளாயில் ஒருவர் முகநூலில் எழுத, இன்னொருவர் விட்டுப் பார்த்துவிட்டார். இனிமேல் இணையத்தில் யார் யாருக்கு ஆலோசனை சொன்னாலும் பொறுப்போடு சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். பொறுப்பு என்றால் என்ன என்று ஆராய்வதற்காக உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இரண்டு மாடியில் ஒரு கட்டடம் எழுந்தது. வாசலில் வைத்த பூச்செடிகளை நகரத்தில் திரியும் மான்கள் தின்றுவிட்டுப் போயின. அதனால் பிளாஸ்ரிக் செடி வைத்தார்கள். மான்கள் அதையும் ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஆலோசனை எதுவும் கேட்காமல் கடற்கரைப் பக்கம் போய்விட்டன.

பொதுமக்கள் எதையும் அதிகாரசபையிடமே கேட்க வேண்டும். பதில் உடனே வரும், முத்திரையோடு வரும். பதிவு செய்யாதவர்கள் இணையத்தில் ஆலோசனை சொன்னால் எச்சரிக்கை வரும். ஊர் ஊராக விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். சல்லி முன்பள்ளியில் நடந்த கூட்டத்தில் ஆசிரியை யசோதராவுக்கு ஒரு தொப்பி கிடைத்தது. அவள் பொறுப்பான பெண். சொன்னதை அப்படியே நம்பி, பிள்ளைகளின் தாய்மாருக்கும் சொல்லிக் கொடுத்தாள்: கண்ட கண்ட ஆட்களைக் கேளாதேங்கோ, அதிகாரசபையைக் கேளுங்கோ.

அவளுடைய அப்பா சின்னராசாவுக்குக் கரைவலை இருந்தது. வலை ஏறும் காலைகளில் வீட்டில் உள்ள எல்லாரும் மீன் பொறுக்கப் போவார்கள். அன்றைக்கு மீன்களோடு ஒரு கடல் பாம்பும் வந்தது. அது புதினமில்லை. கண்டால் வாலில் பிடித்துத் திரும்பக் கடலுக்குள் எறிவார்கள். யசோதரா அதைக் காணவில்லை. மீன் குவியலுக்குள் கையை விட்ட இடத்தில் அது கிடந்தது. விரலில் முள் குத்தினது போல் ஒரு சின்ன அடையாளம். இரத்தம்கூட ஒழுங்காக வரவில்லை. நோவு இல்லவே இல்லை.

முந்திய காலமென்றால் யாராவது ஆட்டோ பிடித்திருப்பார்கள். இப்போது அதிகாரசபை இருந்தது. அவள் வீட்டுக்கு வந்து போனில் கேட்டாள். பதில் வந்தது. வெந்நீர் வைத்தாள். நிருபன் வேலைக்குப் போனான்.

வெயில் ஏறிய பிறகு தங்கை லோஜினி வந்து பார்த்தபோது அக்கா சுவரோடு சாய்ந்து கிடந்தாள். கண் இமையைத் தூக்க முடியவில்லை. தாடை இறுகிப்போய் வாய் திறபடவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏன் இவ்வளவு நேரமும் வீட்டில வைச்சிருந்தனீங்கள்?” கடல் பாம்பு கடித்தால் பெரும்பாலும் நோகாது, நோகாவிட்டாலும் உடனே கொண்டு வர வேண்டும் என்றார். அடுத்த நாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் வாய் திரும்பத் திறக்கவேயில்லை.

அந்தப் பதிலை எடுக்கச் சொல்ல நிருபன் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு அதிகாரசபைக்குப் போனான். ‘சிரித்த முகத்துடன் உள்ளே வரவும்’ என்று கதவில் எழுதியிருந்தது. வரவேற்பு மேசையில் ஷிஃபானா என்ற இளம்பெண் இருந்தாள்.

“என்ன வேணும், அண்ணா?”

“ஒரு பதில் பிழை. அதை எடுக்க வேணும்.”

அவன் காட்டிய பதிலை அவள் பார்த்தாள். “இதுக்கு எவ்வளவு நன்றி விழுந்திரிக்கு!”

“ஓம். ஆனா பிழை.”

“கேள்வி கேட்டவங்கதான் அண்ணா முறைப்பாடு செய்யலாம். அவங்கள ஒருக்கா வரச் சொல்லுங்க.”

“அவ செத்துப்போனா.”

ஷிஃபானாவின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. “எதால?” என்றாள் மெதுவாக.

“இந்தப் பதிலால.”

அவள் திரையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். “இங்க ‘தீர்க்கப்பட்டது’ எண்டு இரிக்கு, அண்ணா. ஆக்கள் திருப்பிக் கேக்காட்டி, பிரச்சினை தீர்ந்திட்டுது எண்டுதான் இது எடுக்கும். பக்கத்தில மனநிறைவு எண்டு தானா விழுந்திடும்.”

“திருப்பிக் கேக்க அவ இல்லையே.”

“விளங்குது. ஆனா அதுக்கு இதுக்குள்ள இடமில்ல.” அவள் எழுந்து மாடிப்படியைக் காட்டினாள். “மேல யதுர்சன் எண்டு ஒருத்தர் இரிக்கார். அவர்தான் எழுதினது. ஒருக்காக் கதைச்சுப் பாருங்க.”

யதுர்சனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவனுடைய தலைக்கு மேல் ‘மாவட்டத்தின் அதிவேகப் பதிலாளர்’ என்று சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கியது. நிருபன் போனை நீட்டியதும் அவன் முகம் மலர்ந்தது.

“ஓம் அண்ணை, இது என்ர பதில்தான்! திருக்கை முள்ளுக்கெண்டு எழுதினது. இப்ப எல்லாத்துக்கும் போகுது.”

“இது பாம்பு.”

“கடல் பாம்புதானே? கடல் எண்டு கேள்வியில வந்தா கடல் பதில். தரை எண்டா தரைப் பதில். அப்பிடிப் பிரிச்சு வைச்சாத்தான் கெதியா அனுப்பலாம். கப்பல்துறையில ஒருத்தர் கேட்டவர், கிணத்துக்க நாய் விழுந்திட்டுது எண்டு. தண்ணி எண்டபடியா அதுக்கும் கடல் பதில்தான் போனது. அவரும் நன்றி சொன்னவர்.”

“நாய்?”

“அதைப் பற்றி அவர் திருப்பிக் கேக்கேல்லை.”

நிருபன் யோசித்துவிட்டுக் கேட்டான். “உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு ஒரு வரி எழுதினா என்ன?”

யதுர்சன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். “அண்ணை, அந்தச் சொல்லைச் சத்தமாச் சொல்லாதேங்கோ. பயமூட்டுற சொல்லெண்டு தடை செய்தது.”

“ஏன்?”

“ஆலோசனை கேட்டவரை அங்க அனுப்பினா, ஆலோசனை தோத்துப் போச்சு எண்டுதானே அர்த்தம்? எங்களிட்டைக் கேட்ட ஒருத்தரும் அங்க போக வேண்டி வரேல்லை எண்டதுதான் ஆண்டறிக்கையில முதல் வசனம்.”

“என்ர மனிசி போனவ. பிந்திப் போனவ.”

“பிந்திப் போனா எங்கட கணக்கில வராது, அண்ணை. அது டொக்டர்மாரின்ர கணக்கு.” பிறகு, தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவன் போலத் தலையைக் குனிந்தான். “என்னில பிழை நினையாதேங்கோ. எனக்கு உயிரியல் தெரியாது. நான் கணக்கியல் படிச்சனான். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?”

நிருபன் குடித்தான். அதில் சீனி இருந்தது.

அன்று பின்னேரம் லோஜினி பொறுக்க முடியாமல் பதிலுக்குக் கீழே தானே எழுதினாள். கடல் பாம்பு கடித்தால் நோகாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என் அக்கா இதை நம்பித்தான் செத்தாள் என்று. அவள் போனைக் கீழே வைக்க முதல் அது மறைந்துவிட்டது. பதிலாக ஒரு எச்சரிக்கை வந்தது. பதிவு செய்யப்படாத நபர் சரிபார்க்கப்படாத மருத்துவ ஆலோசனை வழங்கியுள்ளார். ‘பொறுப்புடன் மௌனம் காத்தல்’ என்ற அரைநாள் பயிற்சிக்கு அவர் சமுகமளிக்க வேண்டும்.

லோஜினி போனாள். போகாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்களாம். திரும்பி வரும்போது அவள் கையிலும் ஒரு தொப்பி இருந்தது.

“என்ன படிப்பிச்சவை?” என்று நிருபன் கேட்டான்.

“ஒருத்தன் கடலுக்க தாழுறதைக் கண்டா என்ன செய்ய வேணும் எண்டு கேட்டவை, அத்தான். கத்துவன் எண்டனான். பிழையாம். கத்துறதுக்கு முதல் நீந்தத் தெரிஞ்ச ஆள்தானோ எண்டு உறுதிப்படுத்த வேணுமாம்.”

“ஆரை?”

“தாழுறவரை.” அவள் தொப்பியைக் கோழிக்கூட்டின் மேல் எறிந்தாள்.

இதற்குள் லதீசனையும் கடல் பாம்பு கடித்தது. லதீசன் சின்னராசாவின் வலையில் வேலை செய்கிறவன். பக்கத்து வீட்டு வளவு. அவனும் அதே பதிலைப் படித்து, அதே மாதிரி வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். செய்தி கேட்டு நிருபன் ஓடிப்போய் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றப் பார்த்தான். நோவில்லை என்று லதீசன் எழும்ப மறுத்தான். பொழுதுபடும்வரை நிருபன் அவனுடைய கண் இமையையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். இமை விழவில்லை. இராச்சாப்பாட்டை லதீசன் இரண்டுமுறை போட்டுத் தின்றான்.

“உனக்குப் பாம்பு விஷம் விடேல்லை. அவ்வளவுதான்,” என்றான் நிருபன். “கடல் பாம்பு கடிச்சாலும் கனதரம் விஷம் விடாதாம். டொக்டர் சொன்னவர்.”

“அப்ப யசோக்காவுக்கு?”

“விட்டது.”

லதீசன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அது சரி அண்ணை. ஆனா எனக்கு வெந்நீர் வேலை செய்ததுதானே?” அடுத்த நாள் அவன் அதிகாரசபையின் பக்கத்தில், உயிர் தந்த தெய்வங்களுக்கு நன்றி என்று எழுதினான். கையைக் காட்டி ஒரு படமும் போட்டான்.

அதோடு பதில் உச்சிக்குப் போனது. அதிகாரசபை அதை ஆண்டின் முன்மாதிரிப் பதிலாக அறிவித்தது. சல்லியிலிருந்து குச்சவெளி வரைக்கும் வலை இழுக்கும் கரையெல்லாம் பெரிய பலகைகளில் அந்தப் பதிலை எழுதி நடப் போகிறார்கள், போன் இல்லாத மீனவரும் பயன்பெற வேண்டும் என்று. முதல் பலகை சல்லியில். திறப்பு விழாவில் ‘மனநிறைவடைந்த பயனாளி’ விருதை அமரர் யசோதராவின் சார்பில் கணவர் பெற்றுக்கொள்வார். கணவருக்கு அழைப்பு வந்தபோதுதான் இது அவருக்கே தெரியவந்தது.

நிருபன் திரும்பவும் போனான். இந்த முறை நேரே செயலாளர் பாக்கியரத்தினத்தின் அறைக்கு. செயலாளர் பெரிய மேசைக்குப் பின்னால் வலது கையில் கட்டோடு இருந்தார்.

“வாங்கோ தம்பி, வாங்கோ. கை குடுக்க ஏலாது. வீட்டுப் பூனை கடிச்சுப்போட்டுது. சின்னக் கீறல்தான். ஆனா இதெல்லாம் விளையாட்டில்லை, நேர போய் ஊசி போட்டனான்.”

“அதிகாரசபையைக் கேக்கேல்லையோ, சேர்?”

செயலாளரின் முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது. “என்ன கதை இது? அது பொதுமக்களுக்கான சேவை. உத்தியோகத்தர் நாங்கள் பாவிச்சா பதவித் துஷ்பிரயோகம் எல்லோ? என்ர சேவைக் காலத்தில ஒருநாளும் அந்தப் பிழை விடேல்லை. எங்கட ஆக்கள் ஒருத்தரையும் விட விட்டதுமில்லை.”

“பலகையை நட வேண்டாம், சேர். அந்தப் பதிலை நம்பினா ஆக்கள் சாவினம்.”

“தம்பி, நீங்கள் படிச்ச பிள்ளை. சரி எது, பிழை எது எண்டு ஆர் தீர்மானிக்கிறது? நானோ? அது சர்வாதிகாரம். டொக்டர்மாரோ? அவைக்கு நோயாளிதான் தெரியும், நாங்கள் பார்க்கிறது பயனாளியை. நன்றி சொல்லுற சனம் தீர்மானிக்க வேணும். அவ்வளவு பேர் சரி எண்டு சொல்லேக்க, நீங்கள் ஒராள் வந்து பிழை எண்டா எப்பிடி?”

“செத்தவை நன்றி சொல்லாமல் விடலாம். பிழை எண்டும் சொல்ல ஏலாதே, சேர்.”

“அதுதான் சொல்லுறன்,” என்று செயலாளர் மகிழ்ந்தார். “அவைக்கும் ஆட்சேபணை இல்லை.”

விழாவுக்குக் கடற்கரையில் பந்தல் போட்டார்கள். கதிரைகள் மணலுக்குள் ஒருபக்கம் இறங்கின. திரை மூடிய பலகை ஒன்று பந்தலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கான குழி கொஞ்சம் தள்ளி வெட்டியபடி கிடந்தது. திங்கட்கிழமை ஆட்கள் வந்து எல்லாக் கரையிலும் சீமெந்து போட்டு நடுவார்களாம். சின்னராசா வலையை எடுத்துக்கொண்டு தோணி கிடந்த பக்கம் போய்விட்டார். மாமனாரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவர் வந்திருக்க மாட்டார்.

செயலாளர் பேசினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! முன்னொரு காலத்தில் இந்தக் கரையில் ஒருவருக்கு ஒன்று நடந்தால் என்ன செய்தோம்? கத்தினோம், ஓடினோம், வாகனம் தேடினோம். எத்தனை பதற்றம்! எத்தனை எரிபொருள் வீண்! இன்று அந்த நிலை இல்லை. இன்று நம் மக்கள் அமைதியாக வீட்டில் இருக்கிறார்கள். அந்த அமைதியைத் தந்தது யார்? பொறுப்பு என்பது என்ன என்று என்னைக் கேட்பார்கள். நான் சொல்வேன், ஒரு விடயத்தில் நம்மைப் பொறுப்புச் சொல்ல வைக்க எவராலும் முடியாதபடி நடந்துகொள்வதே உயர்ந்த பொறுப்பு. இந்த அதிகாரசபை தொடங்கிய நாள் தொட்டு இன்றுவரை ஒரு பதிலைக்கூடத் திருத்தியதில்லை. திருத்த வேண்டிய தேவை வந்தால் அல்லவா திருத்துவதற்கு!”

கைதட்டினார்கள். நிருபனை அழைத்தார்கள். கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவன் அதை மேசையில் வைத்துவிட்டு ஒலிவாங்கிக்குப் போனான்.

“என்ர மனிசி செத்துப்போனா,” என்றான். “இந்தப் பதிலை நம்பி வீட்டில இருந்ததாலதான் செத்தவ. பலகையை நட வேண்டாம்.”

செயலாளர் கட்டுப்போட்ட கையால் ஒலிவாங்கியைப் பக்குவமாக வாங்கினார். அவர் குரல் தழுதழுத்தது.

“கேட்டீர்களா, அன்பர்களே! தம் வாழ்வின் கடைசி நாளில்கூட அந்தச் சகோதரி வேறு எவரையும் நாடவில்லை. நம்மையே நாடினார். நம்மையே நம்பினார். இறுதி மூச்சுவரை நமக்கெதிராக ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைவிட மனநிறைவு வேறு உண்டா?”

இந்த முறை எழும்பி நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் லதீசன் கண்ணைத் துடைத்தான்.

பந்தலுக்குப் பின்னால் ஷிஃபானா குளிர்பானம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிருபனிடம் ஒரு போத்தலை நீட்டியபோது சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“பிழை எண்டு சொல்லி இங்க ஒண்டையும் எடுக்க ஏலாது, அண்ணா. நான் வந்த நாள் தொடக்கம் பார்க்கிறன். ஆனா மரியாதைக் குறைவு எண்டா அண்டைக்கே தூக்கிடுவாங்க.”

“விளங்கேல்லை.”

“பதில் கிடைச்சவங்க பதிலாளரையோ சபையையோ கேவலமா ஏசினாங்க எண்டு வைங்க. அந்தக் கேள்வி, பதில் எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க. கௌரவப் பாதுகாப்புக் குழு எண்டு ஒண்டு இரிக்கு. முந்தி ஒருத்தர் மாட்டுக்கு மருந்து கேட்டு, செயலாளரையே மாடு எண்டிட்டார். அந்தப் பக்கமே இல்லாமப் போயிட்டு.” அவள் அடுத்த போத்தலைத் திறந்தாள். “நான் ஒண்டும் சொல்லல்ல.”

திங்களுக்கு முன்னால் வெள்ளி இருந்தது. ஏச்சைப் பற்றியென்றால் யாரும் முறையிடலாமாம்; நிருபன் எழுதிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை கௌரவப் பாதுகாப்புக் குழு கூடியது. நடுவில் செயலாளர். பக்கத்தில், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் யதுர்சன். ஒலிப்பதிவுக் கருவியோடு ஷிஃபானா. மேசையில் பச்சை முத்திரை பொறித்த தட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் கையை வைத்து, பாதுகாப்பானதையும் சரியானதையுமே கூறுவேன் என்று நிருபன் சத்தியம் செய்தான்.

“பதிலைப் பெற்ற பிறகு பயனாளி ஏதோ சொன்னதாக முறைப்பாடு,” என்றார் செயலாளர். “அவர் கடைசியாகச் சொன்னதை, சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுங்கோ.”

நிருபனுக்கு அது தெரியும். நாலு மாதமாக அவன் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இங்கே சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். எழும்பி நின்று கைதட்டுவார்கள்.

“ஏசினவ,” என்றான்.

“எப்படி?”

“இந்தப் பதில் சந்தோசமில்லை எண்டவ.”

“சந்தோசமின்மை ஒரு மனநிலை. குழு மனநிலைகளை விசாரிப்பதில்லை.”

“எழுதினவன் மடையன் எண்டவ.”

யதுர்சன் நிமிர்ந்து பார்த்தான். செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். “அது கருத்து. கருத்துச் சுதந்திரத்தை அதிகாரசபை மதிக்கிறது. வேறொன்றும் சொல்லவில்லையா? அப்படியானால் முறைப்பாட்டை…”

யசோதரா யாரையும் ஏச அறியாதவள். கோபம் வந்தால் காய்ந்த உடுப்பை எடுத்து மடிக்கத் தொடங்குவாள், மடித்ததையே திரும்ப மடிப்பாள். மீன் ஏலம் விடும் இடத்தில் வாய்ச்சண்டை மூண்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் பொத்திக்கொண்ட காதுக்கு வெளியே நின்று நிருபன் கேட்ட ஏச்சுகள் கொஞ்சம் இருந்தன.

“முத்திரை குத்தினவன், எழுதினவன், அதை நல்ல பதில் எண்டு தலையில தூக்கி வைச்சு ஆடினவன், எல்லாற்ற நாக்கிலயும் புழு விழ வேணும் எண்டவ,” என்றான் அவன். “பெரிய கதிரையில குந்தி இருக்கிறவனுக்கு, தண்ணி தண்ணி எண்டு கேட்டாலும் ஒருத்தரும் வந்து எட்டிப் பார்க்கக் கூடாது எண்டவ. இவங்களும் ஒருநாள் வாய் திறக்க ஏலாமக் கிடக்க வேணும், பக்கத்தில ஒருத்தன் நிண்டு அஞ்ச வேண்டாம் எண்டு வாசிக்க வேணும் எண்டவ!”

சொல்லி முடிந்தபோது அவன் எழும்பி நின்றுகொண்டிருந்தான். எப்போது எழும்பினான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஷிஃபானா கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் மணியை அடித்துத் தண்ணீர் கேட்டார். வந்தது. பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

“பெரிய கதிரை எண்டா… என்னையோ?”

“ஓம்.”

“பேர் சொன்னவவோ?”

“பேர் தெரியாது. தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பா.”

“நாங்கள் அவவுக்கு விருது குடுத்தனாங்கள்!” என்றார் செயலாளர். அவருடைய கண் கலங்கிவிட்டது. யதுர்சன் மட்டும் நிருபனை வேறு மாதிரிப் பார்த்தான்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. பதிலில் எந்தக் குறையும் இல்லை என்பதைக் குழு உறுதிசெய்கிறது. எனினும் இத்தகைய நாகரிகமற்ற ஒருவருடன் தொடர்புபட்டு நிற்பது உத்தியோகத்தரின் கௌரவத்துக்கு இழுக்கு. ஆகவே கேள்வியும் பதிலும் நன்றிகளும் முற்றாக அழிக்கப்படுகின்றன. கரையோரப் பலகைகள் கைவிடப்படுகின்றன. விருது மீளப் பெறப்படுகிறது. யசோதரா நிருபன் என்ற பயனாளி அதிகாரசபையிடம் ஆலோசனை பெற ஆயுட்காலத் தடை விதிக்கப்படுகிறது. மேன்முறையீடு செய்ய விரும்பினால் அவர் நேரில் சமுகமளிக்கலாம்.

ஷிஃபானா ஒரு விசையை அழுத்தினாள். நிருபன் தன் போனைத் திறந்து பார்த்தான். பதில் இல்லை. கீழே இழுத்துப் பார்த்தான். இல்லை. வாசலுக்கு வந்து, பிளாஸ்ரிக் செடிக்குப் பக்கத்தில் நின்று, இன்னொருமுறை பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

அவன் சல்லிக்கு வந்து சேர முதல் அறிவித்தல் வந்து சேர்ந்திருந்தது. கௌரவக் குறைவாக நடந்த பயனாளியின் பெயரையும் அவர் சொன்னதையும் அதிகாரசபை மற்றவர்களுக்குப் பாடமாகப் பக்கத்தில் போட்டிருந்தது. கரையில் லோஜினி நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பலகைக்கு வெட்டிய குழியை லதீசன் காலால் மணலைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தான். அவனும் வாசித்துவிட்டான் போல. நிருபனின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அத்தான், என்ன இது? ஊர் முழுக்க வாசிக்குது. நாக்கில புழு எண்டு அக்கா சொன்னவவாம். அப்பா வாசிச்சுப்போட்டு சாப்பிடாமப் படுத்திருக்கிறார்.”

“பதில் எடுபட்டிட்டுது, லோஜினி. பலகையும் வராது.”

“அது தெரியும். நான் கேக்கிறது அக்காவை. அக்கா அப்பிடிக் கதைப்பாவோ?”

“இல்லை.”

“அப்ப பொய்யோ?”

“ஓம்.”

அவள் அவனையே பார்த்தாள். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தை விட்டுப் போனது.

“அப்பாட்டைச் சொல்லுறன்,” என்றாள். பிறகு கேட்டாள். “அத்தான், நான் வரேக்க அவவுக்கு வாய் திறக்க ஏலாது. உங்களோடதானே கடைசியாக் கதைச்சவ. உண்மையில என்ன சொன்னவ?”

நிருபன், ஒரு சொல்லும் மாற்றாமல், யசோதரா சொன்னபடியே சொன்னான்.

“ஒண்டுமில்லையாம். நீங்கள் போங்கோ, பிந்தப் போகுது.”